பச்சையப்பன் பெட்டிக்கு என்ன பூசினேன்

தை முதல் வாரம். பெட்டியைத் துடைக்கலாம் என்று அடிப்பலகையில் கையை ஊன்றினேன், விரல் உள்ளே போய்விட்டது. 18 மில்லிமீட்டர் பிளைவுட், செய்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஓரத்தில் குனிந்து பார்த்தால் மழையில் நனைந்த கணக்குப் புத்தகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கிறது. மேலே அடித்திருந்த பச்சை எனாமல் மட்டும் ஒன்றுமே நடக்காதது போலப் பளபளவென்று இருந்தது, அங்கங்கே அப்பளத்தில் எழும்பும் கொப்புளம் மாதிரி உப்பிக்கொண்டு. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினேன். உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தது, கூடவே புளித்த மாவு வாசனை.

பெட்டியின் சொந்தக்காரர் மேல்தட்டில் படுத்தபடி ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் பச்சையப்பன். வைத்தது என் மகள். மூக்கு முதல் வால் நுனி வரை மூன்றடிக்குக் கொஞ்சம் மேல், பச்சை இகுவானா. தெருவில் எல்லோருக்கும் அது 'அமெரிக்க ஓணான்'. ஒரு வகையில் சரிதான், மத்திய, தென் அமெரிக்கக் காட்டுப் பிராணி அது.

மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலம் பக்கத்து ஊரில் இருக்கும் எனக்கு இது எப்படி வந்தது என்றால், மனைவியின் தம்பி சென்னையில் வளர்த்தான், சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் "அத்தான், ஒரு ஆறு மாசம் பாத்துக்கங்க" என்று கொண்டுவந்து விட்டுப் போனான். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. நல்லவேளையாகக் காகிதம் எல்லாம் சரியாக வைத்திருந்தான். இகுவானா சைட்டிஸ் (காட்டு உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள பிராணி. 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி இப்படி வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும், இரண்டும் செய்தாயிற்று. இதைப் படித்துவிட்டு வயலில் பிடித்த உடும்பையோ, வாய்க்காலில் கிடைத்த ஆமையையோ, யாரோ விற்கும் நட்சத்திர ஆமையையோ வைத்துப் பெட்டி செய்யலாம் என்று யாராவது நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். அவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை, வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

முதல் பெட்டியில் நான் செய்த தப்பு எனக்கே உடனே புரியவில்லை. கடையில் "வாட்டர்ப்ரூஃப் பிளைதான் சார்" என்று சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தேன், அப்புறம் தண்ணீர் எப்படிப் போகும்? பிரிந்த ஓரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் தெரிந்தது. பிளைவுட்டில் தண்ணீர் தாங்குவது பசை. ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையில் எம்.ஆர். என்று போட்டு வருவது ஈரக்காற்றைத் தாங்கும் பசை, அவ்வளவுதான். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளை, அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடக்கூடாது என்பது சோதனை. ஆனால் பசை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இடையில் இருப்பது மரம்தானே. மரம் குடிக்கும். அதுவும் முகத்தின் வழியாகக் கொஞ்சம், வெட்டிய ஓரத்தின் வழியாக மடக்கு மடக்காக, ஏனென்றால் ஓரத்தில் நார்க்குழாய்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. நான் முகத்துக்கு மூன்று கோட்டிங் பார்த்துப் பார்த்து அடித்துவிட்டு, ஓரத்துக்கு பிரஷில் மிச்சம் இருந்ததைத் தடவியிருந்தேன். தண்ணீர் ஓரம் வழியே ஏறி, உள்ளிருந்து வெளியே வரப் பார்த்து, எனாமலைப் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. மூலைகளில் முதலில் சிலிக்கானை இழுத்துவிட்டு அதற்கு மேல் பெயிண்ட் அடித்திருந்தேன். சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது. நான்கு மூலையிலும் பெயிண்ட் பாம்புச் சட்டை மாதிரி நீளமாக உரிந்து வந்தது.

இந்தப் பிராணிக்குப் பெட்டி செய்வது அலமாரி செய்வது போல இல்லை. உள்ளே ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. மழைக்காலத்தில் நம் ஊர்க்காற்றே அதைப் பார்த்துக்கொள்ளும், பங்குனி, சித்திரையில் காலையும் மாலையும் ஸ்ப்ரேயர் வைத்துத் தண்ணீர் அடித்தாக வேண்டும். அது கிடந்து ஊற ஒரு பெரிய தட்டு, அந்தத் தண்ணீரிலேயே கழிவு. ஒரு மூலையில் குளிர்காயும் விளக்கு, அதன் கீழே 35 டிகிரி. பக்கத்தில் புற ஊதா விளக்கு. பூனை நகம் மாதிரி நகம், அதைப் பலகையில் ஊன்றித்தான் ஏறும். அப்புறம் ஒன்று, பலருக்குத் தெரியாது, இது தும்மினால் உப்பு வரும். உடம்பில் மிஞ்சிய உப்பை மூக்குச் சுரப்பி வழியாக வெளியே தள்ளுகிறது. சுவரில் சுண்ணாம்புப் புள்ளி தெறித்தது போலக் காய்ந்து நிற்கும், தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே நாக்கு. புதிதாக எதைப் பார்த்தாலும் நாக்கை நீட்டித் தொட்டுப் பார்ப்பது அதன் பழக்கம். பெட்டியில் பூசுவதை அது நக்கும் என்று வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும்.

ஈரம், சூடு, புற ஊதா, நகம், உப்பு, நாக்கு. இத்தனையையும் ஒரே டப்பா தாங்குமா என்று தேடத்தொடங்கினேன்.

ஊரில் ஆலோசனைக்குக் குறைவா? எங்கள் ஆசாரி அண்ணன் வந்து பிரிந்த பலகையைப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, பொட்டி தண்ணி குடிச்சிருச்சா" என்று சிரித்தார். அவர் சொன்னது முந்திரிக்கொட்டை எண்ணெய். முந்திரி ஓட்டிலிருந்து எடுக்கும் அந்தக் கறுப்பு எண்ணெயைத்தான் எங்கள் பழைய வீட்டின் உத்திரத்துக்கும் கொல்லைக் கதவுக்கும் தாத்தா காலத்தில் அடித்தார்கள், இன்றுவரை கரையான் ஏறவில்லை. ஆனால் சின்ன வயதில் பச்சை முந்திரிக்கொட்டையைச் சுட்டுத் தின்று உதடு வெந்துபோனவன் நான். கரையான் அண்டாததற்கும் உதடு வெந்ததற்கும் காரணம் ஒன்றேதான். அதை நாக்கால் உலகத்தைப் படிக்கும் ஒரு பிராணியின் பெட்டிக்குள், 35 டிகிரி விளக்குக்குக் கீழே பூசினால்? வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் குங்கிலியம் என்றான். தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருக்கித்தான் அங்கே சிலைக்கு மெழுகு வடிவம் செய்கிறார்கள், நாட்டுப்படகின் இடுக்கை அடைக்கவும் அது பழைய மருந்து. தண்ணீருக்கு அது அசையாது, நிஜம். ஆனால் மெழுகு உருகத்தானே வேண்டும், அந்தத் தொழிலின் சூட்சுமமே அதுதான். விளக்குக்குப் பக்கத்தில் இளகி வழிந்து பச்சையப்பன் முதுகில் சொட்டும்.

பெயிண்ட் கடையில் கரையான் எண்ணெயை எடுத்து நீட்டினார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இது நிஜமாகவே கொன்றுவிடும். கரையானுக்கும் பூஞ்சைக்கும் என்று விற்கும் மர எண்ணெய்களில் பூச்சிமருந்து கலந்திருக்கிறது, பெர்மெத்ரின், குளோர்பைரிபாஸ் மாதிரி. ஊர்வனவற்றுக்கு அவை விஷம். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் வாங்காதீர்கள். கரையானுக்கு நான் செய்தது பழைய வழிதான், பெட்டியின் நான்கு காலுக்கும் கீழே பாட்டி காலத்துக் கல்சட்டி, அதில் தண்ணீர். எறும்பும் ஏறாது.

தார் வகைகளைப் பற்றிப் பேச்சே வேண்டாம், சூட்டில் இளகும், நாறும். மெலமைன் பாலிஷ் கதவுக்கு அழகு, ஆனால் அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியேறும், மூடிய பெட்டிக்குள் எனக்குச் சம்மதமில்லை. எனாமலின் கதைதான் ஏற்கெனவே தெரியுமே. அதற்கும் ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பரிலிருந்து நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு (90 பி.பி.எம்.) மேல் இருக்கக்கூடாது என்று சட்டம், அதனால் புது டப்பா என்றால் அந்தப் பயம் பெரிதாக வேண்டாம். பரணில் கிடக்கும் பழைய டப்பாவை மட்டும் தொடாதீர்கள். எனாமலின் தொல்லை வேறு. அதன் எண்ணெய்ப் படலம் எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால் மெல்ல மெல்ல இளகிப் பிடிப்பை விடும். ஜன்னல் கம்பிக்கு அது ராஜா, தண்ணீர்த் தட்டுக்குக் கீழே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூம்புகார் பக்கம் போனேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்கக் கட்டுமரம் குறைந்து ஃபைபர் போட் நிறைந்துவிட்டது, அதைப் பழுது பார்ப்பவர்களைவிடத் தண்ணீரைத் தெரிந்தவர்கள் யார் என்று ஒரு கணக்கு. மணலில் கவிழ்த்துப் போட்ட போட்டின் அடியில் ஒருவர் கண்ணாடிநார்ப் பாயை வைத்து ரெசினைத் தடவிக்கொண்டிருந்தார். ரெசின் வாசனை பத்தடி தள்ளியே மூக்கைத் துளைத்தது, அது ஸ்டைரீன், பாலியெஸ்டர் ரெசினின் வாசனை. இதையே பெட்டிக்குப் பூசலாமா என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தாமல், "போட்டு முழுக்க ஃபைபர் தம்பி, அதனால நிக்குது. பலகை மேல இத அடிச்சா ஒரு மழைக்குத் தாங்கும், அப்புறம் தோலு மாரி வந்துரும். பலகைக்குன்னா எபாக்ஸி போடுங்க" என்றார். எபாக்ஸி என்பது ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர் என்று இரண்டு டப்பாவாக வரும் பிசின். கொஞ்சம் கழித்து, நான் கேட்காமலே, "எத வேணா அடிங்க, ஓரத்த மொதல்ல அடிங்க" என்றார். இருநூறு ரூபாய் டீசலுக்கு அந்த ஒரு வரி போதும்.

வீட்டுக்கு வந்து சோதனை வைத்தேன். மரைன் பிளையில் ஒரு சாண் அளவுத் துண்டுகள் ஐந்து. ஒன்றுக்கு எதுவும் பூசவில்லை. ஒன்றுக்கு எனாமல், ஒன்றுக்குத் தின்னருக்குப் பதில் தண்ணீர் கலந்து வரும் பி.யு. (பாலியூரிதேன் பூச்சு), ஒன்றுக்கு எபாக்ஸி, ஒன்றுக்கு எபாக்ஸி மேல் பி.யு. ஓரங்களையும் சேர்த்துப் பூசி, மூன்று வாரம் காயவிட்டு, கிணற்றடித் தொட்டியில் செங்கல்லைக் கட்டி இறக்கினேன். அம்மா தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் ஒரு பார்வை. பத்து நாள் கழித்து எடுத்து மாவு நிறுக்கும் தராசில் வைத்தால், பூசாதது மூன்றில் ஒரு பங்கு எடை கூடியிருந்தது. எனாமல் துண்டில் ஓரம் தடித்திருந்தது. பி.யு. துண்டு கொஞ்சம் குடித்திருந்தது, மேலே லேசாக வெளுப்பு, காய்ந்ததும் அது போய்விட்டது. எபாக்ஸி போட்ட இரண்டும் தராசு முள்ளை அசைக்கவே இல்லை.

இரண்டாவது சோதனை மூக்குக்கு. ஒவ்வொரு துண்டையும் மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வெயிலில் ஒரு பகல் வைத்து, சாயங்காலம் திறந்து முகர்ந்து பார்ப்பது. வெளியே வாசனையே இல்லை என்று நினைத்த எனாமல் துண்டு, சம்படத்தைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது, பூசி ஐந்து வாரத்துக்குப் பிறகும். பி.யு.வில் ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்குத் தெரியாததெல்லாம் இல்லை என்று அர்த்தமில்லைதான், ஆனாலும் சம்படத்தில் நாறுவது பெட்டியிலும் நாறும்.

அப்படியானால் எபாக்ஸியே போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு சிக்கல். புற ஊதா பட்டால் எபாக்ஸி மஞ்சளாகும், பிறகு மேலே மாவு மாதிரி உதிரத் தொடங்கும். நாம்தான் பெட்டிக்குள் வேண்டுமென்றே புற ஊதா விளக்கை எரிக்கிறோம். இன்னொன்று சூடு. வெறும் அறைச் சூட்டில் இறுகும் எபாக்ஸி பெரும்பாலும் 50, 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், விளக்குக்கு நேர் மேலே இருக்கும் பலகை அதைத் தொட்டுவிடும். அதனால் மேல்பலகையில் விளக்கு வரும் இடத்தில் இடைவெளி விட்டு ஓர் அலுமினியத் தகட்டை அடித்தேன். மற்ற இடமெல்லாம் கீழே எபாக்ஸி, மேலே புற ஊதா தாங்கும் பி.யு. மரப்படகுக்காரர்கள் உலகம் முழுக்கச் செய்வது இதுதான் என்று பின்னால் படித்தேன். தண்ணீரை அடைப்பது அடியில் இருப்பவன் வேலை, வெயிலைத் தாங்குவது மேலே இருப்பவன் வேலை.

பி.யு.விலும் இரண்டு சாதி. ஹார்டனர் கலந்து அடிக்கும் தின்னர் பி.யு. கல் மாதிரி இறுகும், ஆனால் அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, முறையான மாஸ்க் இல்லாமல் அதன் பக்கம் போகக்கூடாது. போதாததற்கு அது ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு விட்டுக் குமிழ் குமிழாக நிற்கும், ஈரம் இல்லாத காற்றைக் காவிரிக் கரையில் எங்கே தேடுவது? தண்ணீர் கலந்து வரும் பி.யு. அவ்வளவு கெட்டியில்லை, கூடுதலாக இரண்டு கோட்டிங் வேண்டும். எனக்கு அது போதும்.

பூசிய கதைதான் பெரிய கதை.

முதலில் பலகையைக் காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை முழுக்கக் கடைக் கிடங்கில் சாய்த்து வைத்திருந்த பிளை, தொட்டால் உலர்ந்த மாதிரிதான் இருக்கும். ஆசாரி அண்ணன் ஒரு வித்தை காட்டினார். ஒரு பாலித்தீன் துண்டைப் பலகையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டார். காலையில் பாலித்தீனின் அடியில் மங்கலாக மூச்சு விட்டது போல ஈரம். "இதுக்கு மேல நீங்க அமிர்தத்த பூசுனாலும் நிக்காது" என்றார். வெயிலில் போட்டால் வளையும், அதனால் கூடத்தில் கட்டை கொடுத்து அடுக்கி, ஃபேன் போட்டு இரண்டு வாரம். கூடத்தில் நடக்க இடமில்லை என்று வீட்டில் ஒரு சண்டை. பச்சையப்பன் அந்த நாட்களில் கொல்லைப்புறக் குளியலறையில் குடியிருந்தார், அதற்கு ஒரு சண்டை.

பெட்டி ஆறடி உயரம், நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம், எட்டுக்கு நாலு ஷீட் நான்கு. பூட்டுவதற்கு முன்பே எல்லா ஓரத்துக்கும் எபாக்ஸி. முதல் தடவையைப் பலகை அப்படியே உறிஞ்சிவிட்டது, இரண்டாவதையும் பாதி குடித்தது, மூன்றாவது தடவைதான் மேலே பளபளப்பு நின்றது. எத்தனை தடவை என்று எண்ணாதீர்கள், பளபளப்பு நிற்கும் வரை.

அப்புறம் அந்த மதியம். மீதிப் பலகை முழுவதையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு, ஒரு பிளாஸ்டிக் மக்கில் முக்கால் அளவு கலந்தேன். வெயில் ஏறி அடித்துக்கொண்டிருந்தது. கால் பங்குகூடப் பூசவில்லை, மக் கையில் சுட்டது. கீழே வைத்தேன். மெல்லிய வெள்ளைப் புகை, பிறகு திமுதிமுவென்று புகை, மக்கின் அடி இளகிச் சரிந்து, உள்ளே இருந்தது தேன்கட்டி மாதிரி இறுகி விரிசல் விட்டது. மகள் "அப்பா, அடுப்பு இல்லாமலே கொதிக்குது" என்று கத்தினாள். அது இறுகும்போது சூடு வரும், மொத்தமாக ஒரே இடத்தில் இருந்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும், சுற்றுச் சூடு பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம். தெரிந்தே செய்தேன் என்று சொல்ல முடியாது, டப்பாவில் எழுதியிருந்தது. அதன்பிறகு அகலமான அலுமினியத் தட்டில், ஒரு டம்ளருக்கு மேல் கலப்பதில்லை.

சரி, சூடுதானே பிரச்சினை என்று மறுநாள் விடியற்காலையில் பூசினேன். பனி. காய்ந்ததும் தொட்டால் மெழுகு தடவியது போல வழவழப்பு. ஹார்டனர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே விடும் படலம் அது. அதை அப்படியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தாள் பிசின் பிடித்து அடைத்துக்கொள்ளும், மேலே அடுத்த கோட்டிங்கும் ஒட்டாது. வெறும் வெதுவெதுப்பான தண்ணீரும் தேங்காய் நாரும் போதும், கரைந்து போய்விடுகிறது. கழுவி, துடைத்து, காயவிட்டு, பிறகு 220 நம்பர் உப்புத்தாள். கடைசியில் நான் கண்டுபிடித்த நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. பனி விலகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது.

மூலைகளுக்கு ஆசாரி அண்ணனின் ரம்பத்தூளைச் சலித்து எபாக்ஸியில் கலந்து, தோசைமாவைவிடக் கெட்டியாக, சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, உள்மூலை முழுக்க அப்பி, பழைய கரண்டியின் முதுகால் இழுத்தேன். கூர்மையான மூலை போய் வளைவாக நிற்கும். அழுக்கும் தங்காது, பலகை அசைந்தாலும் பிளவு விடாது. இந்த வேலையில் எனக்குப் பிடித்தது இந்த ஒரு இழுப்புதான், கரண்டி போன வழியில் மண்பானை வாய் மாதிரி ஒரு வழவழப்பு வரும்.

பி.யு. நான்கு கோட்டிங், மொத்தம் மூன்று லிட்டர். மூன்றாவது கோட்டிங் அன்று பக்கத்து வயலில் அறுவடை மெஷின் இறங்கியது. சம்பா அறுப்பு நேரம், எனக்குத்தான் புத்தியில்லை. அரை மணி நேரத்தில் ஈரப்பலகை முழுக்க நெல் சுணை. அதை அப்படியே காயவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தேன். இன்றும் வலது பக்கச் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு முழு பதர் தெரியும். அதை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்தபிறகு சிலிக்கான், அதுவும் மீன்தொட்டிக்கு விற்பது. குளியலறைக்கு என்று வருவதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும்.

அடுத்தது காத்திருப்பு. பி.யு. இரண்டு மணி நேரத்தில் கைக்கு ஒட்டாது. காய்ந்துவிட்டது என்று தோன்றும், ஆனால் அது வெறும் தண்ணீர் போனதுதான், உள்ளே படலம் இறுகி முடிக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். மச்சான் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து, "அத்தான், காஞ்சிருச்சில்ல, உள்ள விட்டுருங்க, பாத்ரூம்ல பாவம்" என்றான். அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே முறத்துக்கு வெந்தயம் பூசிக்கொண்டிருந்தாள். பழைய காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்து, மூங்கில் இடுக்கு தெரியாமல் அப்பி, நிழலில் வைப்பது. "மேல காஞ்சுருக்கும்டா, அரிசிய கொட்டுனா கையோட வந்துரும்" என்றாள், முறத்தைப் பற்றித்தான் சொன்னாளா பெட்டியைப் பற்றியா தெரியாது. நான் முப்பது நாள் எண்ணினேன். கதவைத் திறந்து வைத்து, ஒரு டேபிள் ஃபேனை உள்ளே ஓடவிட்டு, கடைசி வாரம் விளக்கையும் எரியவிட்டு, மூடி, திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு சாண் துண்டில் நகத்தை ஊன்றினேன், தடம் விழவில்லை.

பச்சையப்பனை உள்ளே விட்டபோது, மூலைக்கு மூலை போய் நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் அவ்வளவு பாடுபட்டு இழைத்த மேல்தட்டில் ஏறி, அங்கேயே கழிந்துவிட்டு, விளக்குக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டார். துடைத்தேன். ஒரே துடைப்பில் வந்தது. எனாமல் பெட்டியில் இதற்குப் பிரஷ் வேண்டும்.

இப்போது ஒரு முழு மழைக்காலம் பார்த்தாகிவிட்டது. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் கொட்டி, வீட்டுச் சுவரே வியர்த்து, அலமாரித் துணியெல்லாம் பூஞ்சை பூத்தபோதும் பெட்டியின் அடிப்பலகை தட்டினால் டங் என்கிறது. நகத்தடம் இருக்கிறது, குறிப்பாக ஏணிக்கட்டைக்குப் பக்கத்தில், ஆனால் அது பி.யு.வோடு நிற்கிறது, அடியில் போகவில்லை. அந்த இடத்தை மட்டும் தேய்த்து ஒரு கோட்டிங் வருடத்துக்கு ஒரு தடவை அடித்தால் போதும் என்று நினைக்கிறேன். அப்போதும் அவர் ஒரு மாதம் குளியலறைக்குப் போக வேண்டும்.

தோற்ற இடம் ஒன்று உண்டு. முன்பக்கக் கண்ணாடிக் கதவு ஓடும் தடம். அலுமினியத் தடத்தைப் பலகையில் பூட்ட ஆறு திருகாணி முடுக்கினேன், எல்லாப் பூச்சும் முடிந்தபிறகு. அதாவது ஓரத்தை அடை, ஓரத்தை அடை என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நானே ஆறு புது ஓட்டை போட்டிருக்கிறேன். அதில் இடதுகோடியில் உள்ள ஒன்றைச் சுற்றி, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பலகை கறுத்திருக்கிறது. திருகாணியைக் கழற்றி, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, காயவிட்டு, எபாக்ஸியால் நிரப்பி, அதிலேயே மறுபடி சின்னத் துளை போட்டுப் பூட்ட வேண்டும். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

போன வாரம் ஆசாரி அண்ணன் வந்திருந்தார். அந்தக் கறுப்பை விரலால் அமுக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடிப்பலகையை இரண்டு தடவை தட்டினார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த ரெண்டு டப்பா மருந்துல மிச்சம் இருக்கா தம்பி? எங்க கொல்ல நிலைக்கு அடில கொஞ்சம் வேணும்" என்றார். முந்திரிக்கொட்டை எண்ணெய் என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. டப்பாவைக் கொடுத்து, காலையில் ஒன்பது மணிக்கு மேல் அடியுங்கள், ஒரு டம்ளருக்கு மேல் கலக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.